பத்தியம் இருக்கிறது, ஆள் எங்கே?

சிசேரியன் முடிந்து குழந்தையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு எதெல்லாம் ஆகாது என்று சொல்ல கோவை மாவட்டத்துக் காரமடைப் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு தொங்கிவிடும், தயிர் சேர்த்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், பருப்பு தையலில் சீழ் வைக்கும், பழம் குளிர்ச்சி, பச்சை உடம்புக்கு மின்விசிறிக் காற்று ஆகாது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் போகும்போது ஒரு விலக்கைச் சொல்லிவிட்டுப் போவார்கள். குழந்தைத் துணி ஊறிக் கிடக்கும் வாளியை எடுத்துப் போய் அலசிக் காயப்போட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. நம் பேறுகாலக் கவனிப்பில் எப்போதும் இரண்டு பாகம் இருந்தது. ஒன்று விலக்கு, மற்றொன்று கைவேலைக்கு ஆள். விலக்குக்குக் காசு ஆகாது, அதனால் அது தலைமுறை தாண்டித் தங்கிவிட்டது. ஆளுக்குச் செலவும் நேரமும் வேண்டும், அது கரைந்துகொண்டே வருகிறது. வயிற்றில் தையலோடு வந்திருக்கும் உடம்புக்கு மருத்துவம் கேட்பதோ இதற்கு நேர் எதிர்: விலக்குகளில் பெரும்பாலானவை வேண்டாம், ஆள் கண்டிப்பாக வேண்டும்.

இது எங்கோ சில வீடுகளின் பாடு அல்ல. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய 2015-16 கணக்கில் இது 34.1. நாட்டுச் சராசரி 21.5 தான். நம் மாநிலத்துத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இத்தனை ஆபரேஷன் தேவையா என்பது பெரிய வழக்கு. ஒரு நாட்டில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டியபின் அதனால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அந்த வழக்கில் தீர்ப்பு எப்படி ஆனாலும், ஆபரேஷன் முடிந்து வந்துவிட்ட பெண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவளிடம் 'வலி தாங்க மாட்டாமல் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள்' என்று பேசுவது வம்பு மட்டுமே. மாநிலத்தில் ஏறத்தாழ இரண்டில் ஒரு பிரசவம் அறுவை சிகிச்சையாக இருக்கும்போது, வீட்டுக் கவனிப்பு மட்டும் இன்னும் சுகப்பிரசவத்தை மனதில் வைத்தே நடக்கிறது.

என்ன வெட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எதற்கு ஆள் வேண்டும் என்பது விளங்கும். அடிவயிற்றில் குறுக்காகத் தோலையும் கொழுப்பையும் கீறி, வயிற்றுத் தசைகளை இழுத்துப் பிடித்திருக்கும் வலுவான வெள்ளை உறையைத் திறந்து, தசைகளை வெட்டாமல் இருபுறமும் விலக்கி, உள்சவ்வைத் தாண்டி, கடைசியில் கர்ப்பப்பையைக் கீறிக் குழந்தையை எடுக்கிறார்கள். வெளியே தெரியும் தையல் ஒரு வாரத்தில் காய்ந்து போவதால் வீட்டார் 'ஆறிப்போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெட்டுப்பட்ட திசு முதல் வாரத்தில் தன் பழைய வலுவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. உள்ளே அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது தையல் நூல்தான். மூன்று மாதம் போனால் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும், அதற்குமேல் பெரிதாக ஏறாது. ஆறு வாரத்துக்குக் குழந்தையின் எடைக்கு மேல் தூக்காதே என்று டாக்டர் சொல்லும் அறிவுரை இதிலிருந்து வருகிறது. குழந்தை 3 கிலோ. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்தால் 15 கிலோ. குழாயில் தண்ணீர் விடும் நாளில் வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் அந்தக் குடத்தை யார் தூக்குவது? எந்தச் சீட்டிலும் அது எழுதப்படுவதில்லை. 'ரெஸ்ட் எடும்மா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ரெஸ்ட் என்றால் படுத்தே கிடப்பது என்று எடுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அதுவும் தப்பு. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் இரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு கெண்டைக்கால் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டும் ஆபத்து சுகப்பிரசவத்தைவிட அதிகம், அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஆபரேஷன் ஆன மறுநாளே நர்ஸ் வந்து எழுந்து நடக்கச் சொல்கிறார். வீட்டுக்கு வந்தபின்னும் அறைக்குள்ளும் வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். நடை வேறு, வேலை வேறு. இந்த வித்தியாசம் வீட்டாருக்குப் பிடிபட்டால் பாதிச் சிக்கல் தீரும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: முதல் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை, பதினொன்றாம் நாளிலிருந்து அடுப்படி முழுக்க அவள் கையில்.

இரத்தம் உறையும் என்பதாலேயே தண்ணீர் விலக்கு ஆபத்தானது. வயிறு பெரிதாகத் தெரிவது தண்ணீரால் அல்ல, கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும் என்பதால். நீர் வற்றினால் இரத்தம் கெட்டிப்படும், மலம் இறுகும். அதோடு பழத்தையும் கீரையையும் நிறுத்திவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கொடுத்தால் மலச்சிக்கல் உறுதி, கழிப்பறையில் முக்க முக்கத் தையல் இழுக்கும். காரமடையைச் சுற்றி வாழைத் தோட்டங்கள், பக்கத்தில் மேட்டுப்பாளையத்தில் வாழைத்தார் ஏலம், ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் ஒரு பழம் கிடைக்காது. தாய் தின்ற வாழைப்பழத்தால் குழந்தைக்குச் சளி பிடிப்பதில்லை, சளியை உண்டாக்குவது கிருமி. பருப்புக்கும் சீழுக்கும் சம்பந்தம் கிடையாது. காயம் ஆறுவதற்குப் புரதம்தான் முதல் தேவை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் இரத்தசோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட உடம்பு ஆபரேஷனில் மேலும் பெரும்பாலும் அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் இழக்கிறது. இங்கே பத்தியம் என்று ரசச்சோறும் பூண்டும் மட்டும் போடுவது அவளைப் பட்டினி போடுவதுதான். முட்டை, ஆட்டு ஈரல், நாட்டுக்கோழிச் சாறு, கொள்ளு, பச்சைப்பயறு, ராகி, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகப் போகலாம். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்த்துக் கிளறிய லேகியம் ஒரு நெல்லிக்காயளவு சாப்பிடுவதால் குடி முழுகிப்போகாது, சோற்றுக்குப் பதிலாக அது வராதவரை. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடர வேண்டும் என்பது பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

தையலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டுப் பிரித்தபின் சோப்பும் தண்ணீரும் பட்டால் ஒன்றும் ஆகாது, தேய்க்காமல் ஒற்றித் துடைத்துக் காயவிட வேண்டும். மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் அதன்மேல் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வயிற்றில் அடித்து ஊற்றுவது சுகப்பிரசவத்திலேயே நல்லதல்ல, ஆறாத கீறலில் அது சித்திரவதை. பாவாடை நாடா சரியாக அந்த இடத்தில் அழுத்தும், ஆறு வாரத்துக்கு நைட்டியே உத்தமம். எழும்போது நேராக நிமிராமல் ஒருக்களித்துப் புரண்டு கையூன்றி எழுவதும், இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதும் வலியைப் பாதியாக்கும். வலி மாத்திரை போட்டால் பாலில் இறங்கிக் குழந்தைக்குக் கெடுதல் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் அதிகம். டாக்டர் வழக்கமாகத் தரும் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபனும் தாய்ப்பாலில் மிகச் சொற்பமே இறங்கும். வலி அடங்கினால்தான் அவளால் நடக்கவும் முடியும், சரியாக உட்கார்ந்து பால் கொடுக்கவும் முடியும். வருடக்கணக்கில் தொடரும் முதுகுவலிக்கு 'முதுகில் போட்ட ஊசி'யைக் குற்றம் சொல்வது ஊர் வழக்கம். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். நீடித்த வலிக்கு, தளர்ந்த வயிற்றுத் தசையும், கூன் போட்டுப் பால் கொடுப்பதும், சீக்கிரமே தூக்கத் தொடங்கிய பாரமும்தான் பெரும்பாலும் காரணம். இதையும் உதவிக்கு ஆள் இல்லாத கணக்கில்தான் எழுத வேண்டும்.

அந்த ஆட்கள் எங்கே போனார்கள்? பழைய ஏற்பாட்டை அழகாக நினைத்துக்கொள்வதற்கு முன் அது எதன்மேல் நின்றது என்று பார்க்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவாள். அம்மா, அம்மிச்சி, கல்யாணமாகாத தங்கைகள் என்று வீட்டில் நாலைந்து பெண்கள் இருப்பார்கள். அதற்கு மேல் குளிப்பாட்டி விட மருத்துவச்சி, தீட்டுத்துணி வெளுக்க வண்ணாரப் பெண். பண்ணையக்காரர் வீட்டுக்கு இவர்கள் வந்தது சாதிக் கட்டாயத்தால், கிடைத்த கூலி தானியம். அந்தப் பெண்கள் பிள்ளை பெற்றபோது அவர்கள் வீட்டில் யார் வந்து துணி வெளுத்தார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. தீட்டு என்ற பேரில் பிள்ளை பெற்றவளை அடுப்படிக்குள் விடாமல் வைத்திருந்தது இழிவான காரணத்துக்காக இருந்தாலும், விளைவாக அவளுக்கு அடுப்பிலிருந்து விடுப்பு கிடைத்தது. இன்று தீட்டு பார்ப்பது குறைந்திருக்கிறது, நல்லது. அதோடு சேர்ந்து அந்த விடுப்பும் போய்விட்டது. இப்போது தாய்வீட்டில் இரண்டு பிள்ளைகள்தான், அம்மாவுக்கு வயது ஐம்பதை ஒட்டியிருக்கும், அவரே மில்லுக்கோ கறிவேப்பிலை அறுக்கவோ கடைக்கோ போகிறவர். மாநிலத்தில் 2019-21 கணக்கெடுப்பிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று ஆகிவிட்டபின், பேறுகாலத்தில் கைகொடுக்க அக்கா தங்கை எங்கிருந்து வருவார்கள்?

ஆள்துணை வசதிக்காகக் கேட்பது, அதற்கும் குணமாவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதற்கு நம் மாநிலத்திலிருந்தே சான்று இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அருகில் உள்ள கிராமப்புறத்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து கவனித்து 2002இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 11 சதவீதம். அதோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்டவற்றில் குறைந்த வருமானம், ஆண் எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு ஆகியவற்றோடு, வீட்டில் உடலுழைப்புக்கு உதவி இல்லாததும் ஒன்று. இந்தச் சோர்வை 'பிள்ளை பெத்த சடைவு' என்று தள்ளிவிடுகிறோம். தூக்கமில்லாமை, வலி, இரத்தசோகை, தனிமை நான்கும் சேர்ந்தால் எந்த மனமும் சாயும். நான்கில் மூன்றையாவது இன்னொரு ஆள் இருந்தால் குறைக்க முடியும்.

நெதர்லாந்தில் இதை அரசே ஏற்பாடாக்கிவிட்டது. பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் பயிற்சி பெற்ற ஒரு உதவியாளர் முதல் எட்டுப் பத்து நாள் வந்து தாயின் காயத்தையும் குழந்தையின் எடையையும் பார்ப்பதோடு, சிறு வீட்டு வேலைகளும் செய்து, மூத்த பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறார். அடிப்படை மருத்துவக் காப்பீட்டிலேயே இது அடங்கும், குறைந்தது 24 மணி நேரம், தேவைப்பட்டால் 80 மணி நேரம் வரை. அங்கே துணி துவைப்பது மருத்துவத்தில் சேர்ந்திருக்கிறது என்பதுதான் நமக்குப் பாடம்.

'எங்க அப்பத்தா களை வெட்டிக்கொண்டிருக்கும்போதே வலி எடுத்துப் பெற்றாள், மறுவாரம் காட்டுக்குப் போனாள்' என்ற எதிர்வாதம் இதற்குக் கட்டாயம் வரும். அந்த அப்பத்தாவின் வயிறு வெட்டப்படவில்லை. இன்னொன்று, கதை சொல்ல இருப்பவர்கள் பிழைத்தவர்கள். 1997-98இல் இந்தியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 398 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 97, தமிழ்நாட்டில் 54. அப்பத்தா காலத்துக் கணக்கு இவற்றைவிடப் பல மடங்கு இருந்திருக்கும். அவர் மறுவாரம் காட்டுக்குப் போனது விருப்பத்தால் என்று எடுத்துக்கொள்ளவும் காரணமில்லை.

இதைவிடக் கவனிக்கத்தக்க எதிர்வாதம் மருத்துவர்களிடமிருந்தே வருகிறது: ஆறு வாரம் என்ற கெடுவுக்குத் திடமான ஆய்வுச் சான்று இல்லை, ஆளுக்கு ஆள் வேறுபடும், இங்கிலாந்தின் வழிகாட்டி நெறிகளே நாள் குறிக்காமல் உடம்பு தேறியபின் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம் என்கின்றன. நியாயம்தான். சிலருக்கு மூன்று வாரத்தில் சரியாகும், சிலருக்கு மூன்று மாதமும் போதாது. ஆனால் தேறியபின் என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பெண்ணிடம் இருந்தால்தான் நாள் குறிக்காத அறிவுரை செல்லும். காலை ஐந்தரைக்குக் கம்பெனிப் பேருந்து பிடிக்கும் கணவனுக்குச் சோறு கட்ட வேண்டிய வீட்டில் அந்த உரிமை அவளிடம் இல்லை. அங்கே 42 நாள் என்று ஒரு கணக்குச் சீட்டில் எழுதியிருந்தால் அதைக் காட்டி வாதாடவாவது முடியும்.

ஆள் வைக்கக் காசு எங்கே என்பதுதான் கடைசியில் நிற்கும் கேள்வி, அதை எளிதில் தட்டிவிட முடியாது. கோவையில் பேறுகாலம் பார்க்க ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் இருக்கின்றன, சம்பளக்காரக் குடும்பங்களுக்கே அது பாரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அரசு 18,000 ரூபாய் தருகிறது. அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்கள், மீதி 14,000 ரொக்கம். நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள்கூலி 319 ரூபாய். அதை 42 நாளால் பெருக்கினால் 13,398. அதாவது ஒரு பெண் ஆறு வாரம் கூலி வேலைக்குப் போகாமல் மகளுக்குத் துணை இருந்தால் இழக்கும் தொகையை அரசு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது கர்ப்பக் காலத்திலும் தடுப்பூசிக் கெடுக்களோடும் தவணை தவணையாக வருகிறது, பெரும்பகுதி அந்த ஆறு வாரத்துக்கு வெளியே. சிசேரியன் ஆனவர்களுக்காவது ஒரு பெரிய தவணையை டிஸ்சார்ஜ் நாளோடு சேர்த்து, இது துணைக்கு இருப்பவருக்கான கூலி என்று சொல்லிக் கொடுத்தால் கூடுதல் செலவே இல்லை. சம்பளத்தோடு 26 வார விடுப்பு தரும் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். விசைத்தறி வீட்டுக்கும் விவசாயக் கூலிக்கும் அது எட்டாது. தந்தைக்கு விடுப்பு என்று பார்த்தால் மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, தனியாரில் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. மனைவிக்குத் தையல் போட்ட வாரத்தில் வீட்டில் இருக்கும் கணவனை 'பொண்டாட்டிக்குத் துணி துவைக்கிறான்' என்று கேலி செய்யும் ஊரில் சட்டம் மட்டும் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு: விடுப்பு இருந்தால் கேலியைப் பொறுத்துக்கொள்ளத் துணியும் சிலராவது கிடைப்பார்கள்.

வீட்டுக்கு வரும் கையில் ஒன்று கிராம சுகாதார செவிலியருடையது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு முறை, இரண்டாவது வாரத்தில் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை தாயையும் சேயையும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 நெறிமுறை. சிசேரியனுக்கு இந்த இரண்டாம் வாரம்தான் முக்கியம், ஏனெனில் தையலில் வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை வீடு திரும்பிய பிறகே வெளிப்படுகின்றன. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கீறல் சிவந்து சூடாகி நீரோ சீழோ கசிவது, தீட்டில் நாற்றம், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனையும் போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, கண் மங்கலோடு கடும் தலைவலி: இவற்றில் எது வந்தாலும் பக்கத்து வீட்டு வைத்தியம் கேட்காமல் 108ஐ அழைக்க வேண்டும். இதிலும் ஆள் தேவைப்படுகிறது. தன் காலின் வீக்கத்தையோ தன் கீறலின் சிவப்பையோ குனிந்து பார்க்க அவளால் முடியாது, வேறு யாராவது தினமும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்க்க ஒருவருமே இல்லாதவர்கள் இந்த வட்டாரத்தில் கூடிவருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மில் வேலைக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் பெண்களுக்குத் தாய்வீடு இரண்டு நாள் ரயில் தூரம். பில்லூர் பக்கத்து இருளர் ஊர்களுக்கு ஆஸ்பத்திரி வண்டி கொண்டுபோய் இறக்கிவிடும், அடுத்த வண்டி எப்போது என்பது மழையையும் பாதையையும் பொறுத்தது. அரசு மருத்துவமனையில் சிசேரியன் ஆனவர்களுக்கு ஏழு நாள் வரை இலவச உணவும் வீடு வரை இலவச வண்டியும் 2011 முதல் நடைமுறையில் இருக்கும் மத்தியத் திட்டத்தில் உண்டு. டிஸ்சார்ஜ் எழுதும் முன், வீட்டில் சமைப்பது யார், தண்ணீர் தூக்குவது யார், கழிப்பறைக்குப் படி இறங்க வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டு, யாரும் இல்லை என்று பதில் வந்தால் அந்த ஏழு நாளைப் பதினான்காக்க மருத்துவ அலுவலருக்கு அதிகாரம் கொடுக்கலாம். வார்டில் இடம் இல்லை என்பார்கள். அப்படியானால் மேட்டுப்பாளையம், காரமடை போன்ற இடங்களில் சுகாதார நிலையத்தை ஒட்டிப் பத்துக் கட்டில் போட்ட ஒரு தாய்மார் தங்கும் வீடு கட்டுவதற்கு எவ்வளவு ஆகும் என்று யாராவது ஒரு மதிப்பீடாவது போட வேண்டும்.